ரெக்கார்டு நோட்டில் ஒரு தப்பான ரீடிங்

விளையாட்டு அறிவியல் துறைகளில் எம்.ஓ.யு. (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போடுவது ரொம்ப எளிது. குத்துவிளக்கு, பொன்னாடை, மேஜையில் இரண்டு குட்டிக் கொடிகள், ஒரு குரூப் போட்டோ. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் குழு வரும்போது எடுத்துக் காட்ட ஒரு கோப்பு. அதற்கப்புறம் வகுப்பறையில் ஏதாவது மாறியதா என்று யாரும் கேட்பதில்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிசியாலஜி பாடம் எடுக்கிறவன் நான். ஜெர்மனியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எங்கள் முதுநிலைப் பாடத்திட்டத்தைத் திருத்தும் வேலை சில வருடங்களாக என் தலையில்தான் இருக்கிறது. என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

வெளிநாட்டுத் தொடர்பு எங்கள் தொழிலுக்குப் புதிதல்ல. இந்த ஊரில் உடற்கல்விப் படிப்பே அப்படித்தான் வந்தது. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1891-இல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்து ஆட்டத்தை உருவாக்கிய அதே பயிற்சிப் பள்ளி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் பக்தான். நந்தனத்தில் இன்றைக்கும் அந்தக் கல்லூரி நடக்கிறது. அவர் கொண்டுவந்தது ஆசிரியர் பயிற்சி; பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளை ஒழுங்காக விளையாட வைக்கும் ஆளை உருவாக்குவது. நூறு வருடம் தாண்டியும் நம் பி.டி. மாஸ்டர் அந்த வார்ப்புதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானே அப்படி ஒரு மாஸ்டரிடம் விசில் சத்தத்துக்கு ஓடி வளர்ந்தவன்.

1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தபோது பயிற்சியாளர் என்ற தனி ஆள் உருவானார். கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1950-இல் தொடங்கிய உடற்கல்வி உயர்கல்லூரி அந்தக் காலத்தில் உலகப் புகழ். இரு ஜெர்மனிகளும் இணைந்த 1990-இல் அதை மூடினார்கள். ஆனால் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கான வகுப்பு மட்டும் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடர்ந்தது. இந்தியாவிலிருந்தும் அங்கே போய்வந்தவர்கள் உண்டு. மேக்ரோ சைக்கிள் (பல மாதப் பயிற்சித் திட்டம்), மீசோ சைக்கிள் (அதற்குள் சில வாரப் பகுதி) என்று நாங்கள் இன்றும் கரும்பலகையில் போடும் கட்டங்களெல்லாம் கிழக்கு ஐரோப்பாப் பக்கத்துச் சரக்குதான். கட்டங்கள் வந்துவிட்டன. அந்தக் கட்டத்துக்குள் போடும் எண்ணை ஓர் ஆட்டக்காரரின் உடம்பிலிருந்து எப்படி எடுப்பது என்பது மட்டும் சரியாக வந்து சேரவில்லை.

எங்கள் கூட்டு வேலை இரண்டு பாடத்திட்டங்களை எதிரெதிரே வைத்துப் பார்ப்பதில் தொடங்கியது. எங்களுடையதில் ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து யூனிட், கடைசியில் புத்தகப் பட்டியல், இன்டர்னல் இத்தனை, எக்ஸ்டர்னல் இத்தனை. அவர்களுடைய மாட்யூல் கையேட்டில் பாடத் தலைப்புகளே குறைவு. மாணவர் இதை முடித்ததும் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும், அதை எப்படிச் சோதிப்போம் என்பதுதான் பக்கம் முழுக்க. ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் மொத்த உழைப்பு 25 முதல் 30 மணி நேரம். நாங்கள் பழகிய கணக்கில் 15 மணி நேரம் லெக்சர் நடத்தினால் ஒரு கிரெடிட். ‘மிச்ச நேரத்தில் மாணவர் என்ன செய்கிறார்?’ என்று கேட்டார்கள். பஸ்ஸில் இருப்பார் என்றார் எங்கள் பக்கத்தில் ஒருவர். பொய்யும் இல்லை.

அப்புறம் இன்னொரு கேள்வி: இந்தப் பட்டம் வாங்கியவர் எந்த வேலைக்குப் போவார்? 2003 முதல் 2007 வரை ஐரோப்பாவில் விளையாட்டு அறிவியல் படிப்புகளை ஒன்றோடொன்று பொருத்த அஹெசிஸ் என்ற திட்டம் கொலோனிலிருந்து நடந்தது. உடற்கல்வி, உடல்நலம்-உடற்தகுதி, பயிற்சியளித்தல், விளையாட்டு மேலாண்மை என்று நான்கு வழிகளைப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் முதலில் வேலை, அந்த வேலையில் செய்யும் காரியங்கள், அதற்கு வேண்டிய திறமை, கடைசியில்தான் பாடம் என்று வரிசை வைத்தார்கள். பாடத்திட்டத்தை முடிவு செய்யும் எங்கள் போர்டு ஆஃப் ஸ்டடீஸில் வரிசை வேறு. எந்த ஆசிரியர் எதை எடுக்கிறார் என்பதிலிருந்து தொடங்குவோம். ஒருவர் ஓய்வு பெற்றால்தான் ஒரு தாள் மாறும். இப்படிச் சொன்னால் சக ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எந்தக் கருவியை விடவும் எங்களுக்கு உதவியது அந்தக் கேள்விதான்.

லேபில் நடந்ததைச் சொல்ல ஒரே ஒரு சோதனை போதும். லாக்டேட்: கடுமையாக உழைக்கும் தசையில் உண்டாகி ரத்தத்தில் சேரும் பொருள். ட்ரெட்மில்லில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை 2 கி.மீ. கூட்டிக்கொண்டே போவோம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் காது மடலில் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம். லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று சின்ன மீட்டர் காட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 1, 2 இருக்கும். வேகம் கூடும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஓர் இடத்துக்கு மேல் கோடு விறுவிறுவென்று மேலே போகும். அந்த இடம் தெரிந்தால் பயிற்சியின் வேகத்தை ஆளுக்குத் தகுந்தபடி வைக்கலாம். அந்த இடத்துக்கு 4 மில்லிமோல் என்ற அளவை 1976-இல் முன்வைத்தவர்கள் கொலோனைச் சேர்ந்த மாடர் குழுவினர். ஆளுக்கு ஆள் மாறும் என்ற எச்சரிக்கையோடு இன்னும் அதைத்தான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம்.

இதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. குத்துவதற்கு முன்னால் காதைத் துடைத்துக் காயவிட வேண்டும். முதல் சொட்டையும் துடைத்துவிட்டு இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். வியர்வையில் லாக்டேட் ரத்தத்தில் இருப்பதை விடப் பல மடங்கு உண்டு. துளி கலந்தாலும் கணக்கு எங்கேயோ போய்விடும். ஏ.சி. படுத்துவிட்ட ஒரு மதியம், ஒரு மாணவி சும்மா உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழனின் காதில் எடுத்த ரீடிங் 6.8. இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சார், 1.4-ன்னு போட்டுக்கட்டுமா?” என்றாள். போன வருடத்து ரெக்கார்டு நோட்டில் 1.4 இருந்தது. அதற்கு முந்தைய வருடத்து நோட்டிலும் அதே 1.4.

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் பக்கத்தில்தான் நின்றார். என்ன கேட்கிறாள் என்று விசாரித்தார். சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், தங்கள் ஊரிலும் இதே கதைதான், அதனால்தான் மதிப்பெண் போடும் முறையை மாற்றினோம் என்றார். அன்று மாலையே உட்கார்ந்து எங்கள் பிராக்டிகலுக்கும் அப்படி ஒன்று எழுதினோம். சரியான விடைக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. மீட்டர் காட்டியதை அப்படியே பேனாவில் எழுத வேண்டும், அடித்துத் திருத்தக் கூடாது. எண் விசித்திரமாக இருந்தால் ஏன் என்று சொல்ல வேண்டும், மறுபடி எடுத்தால் எதை மாற்றுவோம் என்றும் சொல்ல வேண்டும். அந்த 6.8-க்கு அவள் ஒரு பக்கம் எழுதினாள். ஏ.சி.யையும் விடவில்லை.

பிள்ளைகளுக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. சீனியர் நோட்டைப் பார்த்து ரெக்கார்டு எழுத முடியாது என்றால் பின்னே சீனியர் எதற்கு? வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் நோட்டைப் புரட்டிவிட்டு, “ரீடிங் தப்பா இருக்கே சார், இதுக்கு எப்படி மார்க் போடறது?” என்று கேட்டார். நல்ல மனிதர், விளக்கியதும் போட்டார். ஆனால் வருடா வருடம் புது எக்ஸாமினர் வருவார், வருடா வருடம் விளக்க வேண்டும்.

கருவிகளின் கதை நீளம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டுத் திட்டத்தில் மெஷின் வாங்கப் பணம் கிடைக்கும். திட்டம் முடிந்த பிறகு, மீட்டரில் ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப் வாங்கக் கிடைக்காது. ஸ்ட்ரிப் இறக்குமதிச் சரக்கு, காலாவதித் தேதி உள்ளது. மூன்று கொட்டேஷன் வாங்கி, ஆடிட் ஆட்சேபத்துக்குப் பதில் எழுதி, சரக்கு வந்து சேரும்போது தேதி நெருங்கியிருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடிய மெஷின்கள் எத்தனையோ லேபில் தூங்குவதற்குக் காரணம் ஆசிரியரின் சோம்பல் மட்டும் இல்லை.

அவர்கள் கொடுத்தார்கள், நாங்கள் வாங்கிக்கொண்டோம் என்று இதுவரை எழுதியது தொனிக்கலாம். இரண்டாம் வருடத்திலிருந்து அப்படி இல்லை. தோலின் மடிப்பைக் காலிப்பரால் பிடித்து உடல் கொழுப்பைக் கணக்கிட நாங்கள் பயன்படுத்தும் டர்னின்-வோமர்ஸ்லி சமன்பாடு 1974-இல் வந்தது; கிளாஸ்கோவில் 481 பேரை அளந்து போட்டது. அதைத் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வரும் கைப்பந்து வீராங்கனைக்கு அப்படியே போடலாமா? ஒரே பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) இருந்தாலும் தெற்காசிய உடம்பில் கொழுப்பு அதிகம் என்பதால்தான் 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற எச்சரிக்கை அளவுகளையும் சேர்த்தது. எங்கள் மாணவர்கள் இதைக் கேட்டபோது அந்தப் பக்கத்து மாணவர்களும் தங்கள் பாடநூலைப் புரட்டினார்கள். அங்கேயும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் ஆடுகிறார்கள் அல்லவா.

வெயில் விஷயமும் அப்படித்தான். வெப்பத்தை நிழலில் வைத்த தெர்மாமீட்டரால் மட்டும் அளந்தால் கிரவுண்டில் ஓடுகிறவனுக்குப் பிரயோஜனம் இல்லை. ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டரின் அளவு (ஈரக் குமிழ்) 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் அளவு 20, காற்றின் வெப்பம் 10 என்று சேர்த்துப் பார்க்கும் முறை 1950-களில் அமெரிக்க மரைன் படை வீரர்களின் பயிற்சி முகாம்களுக்காக உருவானது. அதற்கான மீட்டர் விலை அதிகம். எங்கள் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் செம்பு மிதவைப் பந்தில் கறுப்பு மேட் பெயின்ட் அடித்து, உள்ளே தெர்மாமீட்டரைச் சொருகி ஒன்று செய்துவிட்டார்கள். வாங்கிய மீட்டரோடு ஒப்பிட்டு எவ்வளவு விலகுகிறது என்பதையும் அவர்களே எழுதினார்கள். அதன் படம் இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் செய்முறைக் கையேட்டிலும் இருக்கிறது.

கபடிக்கு வருவோம். ஒரு ரெய்டு 30 விநாடி, இடைவிடாத பாட்டு, ஏழு பேர் சேர்ந்து ஒருவரைப் பிடிப்பது, ஆண்கள் ஆட்டத்தில் பாதிக்கு 20 நிமிடம். இந்த உடல் உழைப்பைப் பற்றி அவர்களுடைய நூலகத்தில் தேடியபோது கால்பந்துக்குக் கிடைப்பதில் ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணியை அரையிறுதியில் ஈரான் வீழ்த்தியது. பெண்கள் இறுதிப் போட்டியிலும் ஈரானே வென்றது. அந்த ஈரானியப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் இந்தியரான ஷைலஜா ஜெயின். நம்மிடம் இருப்பதை இன்னொரு நாடு முறைப்படி எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு இதை விட வேறு பாடம் வேண்டாம். அதனால் இரண்டு பக்கமும் சேர்ந்து நடத்தும் ஒரே மாட்யூலாகக் கபடியை எடுத்தோம்.

மாறாதவையும் உண்டு. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு பி.பி.எட். (உடற்கல்வி இளநிலை) மாதிரிப் பட்டம்தான் செல்லும். விளையாட்டு அறிவியல் மட்டும் படித்தவர் மத்திய அரசின் கேலோ இந்தியா மையம், தனியார் அகாடமி, புரோ கபடி அணி என்று அலைய வேண்டும். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. கூட்டுப் பட்டம் தரலாம் என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி கொண்டுவந்தது. ஆனால் நாக் மதிப்பெண் 3.01 அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100 போன்ற தகுதி வேண்டும், அது எல்லோருக்கும் எட்டாது. மாணவர் பரிமாற்றமும் சமமாக இல்லை. அங்கிருந்து வருகிறவருக்கு டிக்கெட் மட்டும்தான் கவலை. இங்கிருந்து போகிறவருக்கு விசா, வங்கியில் காட்ட வேண்டிய பணம், அப்புறம் பெண் பிள்ளையாக இருந்தால் வீட்டில் ஒரு பஞ்சாயத்து.

நாட்காட்டி மட்டும் அதிசயமாகப் பொருந்தியது. நமக்கு லீவு விடும் மே, ஜூனில் அவர்களுக்குக் கோடைப் பருவ வகுப்பு நடக்கும். அவர்களுக்கு பிப்ரவரி, மார்ச்சில் லீவு, அப்போது நமக்கு இரண்டாம் செமஸ்டர். கபடி மாட்யூலுக்கு வரும் முதல் குழுவை பிப்ரவரித் தொடக்கத்திலேயே வரச் சொன்னோம், சௌகரியமாக இருக்குமே என்று. வெயிலில் அளக்கத்தானே வருகிறோம், பிப்ரவரியில் என்ன கிடைக்கும் என்று எழுதிவிட்டார்கள். மார்ச் கடைசி வாரம் என்று முடிவாகியிருக்கிறது. சென்னைக்கு அது போதும்.