பெட்டியின் நிறம் என்ன?

கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கப்பலேறும்வரை கவனிப்பவளாக, இருக்கிறேன். பெட்ஷீட், கிச்சன் டவல், ஏப்ரன், மேஜை விரிப்பு. இந்த வேலையில் பாதி, பயப்படுவதுதான். சாயத்தில் ஷேடு மாறினால் பயம். தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்பும்வரை பயம். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்து, பையர் இன்னும் அனுப்பாத மெயிலுக்கு மனசுக்குள் பதில் எழுதிக்கொண்டிருப்பேன்.

2018 ஜனவரியில் பிராங்க்பர்ட்டுக்கு அனுப்பினார்கள். ஜனவரி தோறும் அங்கே நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டு ஜவுளிக் கண்காட்சியில் பாதிக் கரூரைப் பார்க்கலாம். ஊரில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட அங்கே "சாப்டீங்களா?" என்பார்கள். எனக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். இறங்கினால் சாம்பிள் பெட்டி வரவில்லை. பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றே போனது. வெளியே காலை எட்டு மணிக்கும் இருட்டு.

கவுண்டரில் இருந்த அம்மாளிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் கொட்டினேன். நாளை கண்காட்சி, முதலாளி, ஆறு மாத உழைப்பு... எல்லாம். அவர் பதறவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. விதவிதமான பெட்டிப் படங்கள் அச்சடித்த அட்டையை என் பக்கம் திருப்பி, "இதில் எது?" என்றார். சுட்டினேன். நிறம்? கருநீலம். உள்ளே என்ன? எந்த ஓட்டலுக்கு அனுப்ப வேண்டும்? கடைசியில் எழுத்தும் எண்ணுமாகப் பத்து இலக்கம் உள்ள காகிதத்தைக் கொடுத்தார். அவ்வளவுதான்.

பெட்டி கிடைக்கவில்லை. ஆனால் மூச்சு சீரானது. ஆறு மாத உழைப்புக்கு அவர் நிரப்பிய படிவத்தில் கட்டம் இல்லை. முதலாளியின் கோபத்துக்கும் இல்லை. நிறம், அளவு, முகவரி, இவ்வளவுக்குத்தான் இடம். கைப்பையில் கிடந்த ஆறு டவலையும் போனில் இருந்த படங்களையும் வைத்து முதல் நாளை ஓட்டினேன். பெட்டி இரண்டாம் நாள் மதியம் ஓட்டலுக்கு வந்து சேர்ந்தது. சக்கரம் ஒன்று உடைந்திருந்தது, அது வேறு கதை.

ஊர் திரும்பியதும் ஒரு நோட்டில் அதேபோல் கட்டம் போட்டேன். என்ன, எவ்வளவு, யாருக்குச் சொல்லியாயிற்று, அடுத்து எப்போது பார்ப்பது. "பையர் என்ன நினைப்பார்" என்பதற்குக் கட்டம் போடவில்லை. ராத்திரி முழிப்பு இன்னும் வருகிறது. பொய் சொல்ல மாட்டேன். நோட்டில் எழுதிவிட்டுப் படுத்தால் சில நாள் தூக்கம் வரும், சில நாள் வராது.

போன மாதம் ஒரு கடுகு மஞ்சள் துணி. வெவ்வேறு விளக்குகளில் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்தில் சரியாக இருந்தது. கடை டியூப்லைட்டுக்கு இணையான டிஎல்84 விளக்கைப் போட்டால் சிவப்படித்தது. பழைய நானாக இருந்தால் மொத்த ஆர்டரும் போச்சென்று சாயப்பட்டறை மாஸ்டரிடம் கத்தியிருப்பேன். போன் போட்டு, எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்டேன்.

"நானூறுதானுங் அம்மிணி. மத்த லாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்."

"மறுபடி எப்பங்க சாயம் போடுவீங்க?"

"புதங்கெழம போட்டர்லாமுங். ஆமா, என்னுங் இது, போலீஸ்ல கேக்கற மாதிரி கேக்கறீங்க?"

400, புதன் என்று எழுதிக்கொண்டேன். 'யாருக்குச் சொல்லியாயிற்று' கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அன்று மாலையே பையருக்கு மூன்று வரியில் மெயில் போட்டேன்.