மூன்றரைச் சதுரத்துக்குள் ஒரு வீடு

மேலூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்த மனையில் நானும் அம்மாவும் குடியிருக்க ஒரு வீடு கட்டினோம். ஒரு கூடம், ஓர் அடுப்படி, ஒரு குளியலறை. வெளியளவு 337 சதுர அடி. நூறு சதுர அடியை ஒரு சதுரம் என்னும் கொத்தனார்கள் கணக்கில் மூன்றரைச் சதுரம்கூட இல்லை. இடம் கிடக்கும்போது ஏன் இவ்வளவு சிறிதாக என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். கடன் வாங்காமல் கட்டி முடிக்க வேண்டும், எழுபது வயதைத் தாண்டிய அம்மா தானே கூட்டித் துடைக்கும் அளவில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் காரணம். குடிவந்து ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டன. சிறு வீடு கட்ட நினைப்பவர்கள் அறைகளுக்கு முன்னால் சுவரையும் கதவையும் யோசிக்க வேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

எங்கள் வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடம் 16க்கு 11, அடுப்படி 10க்கு 6, மிச்சம் குளியலறை. உள்ளே புழங்க மொத்தம் 270 சதுர அடி. மீதி 67 சதுர அடியில் சுவர்தான் நிற்கிறது. அதாவது எங்கள் அடுப்படியைவிடச் சுவர் அதிக இடம் பிடித்திருக்கிறது! பெரிய வீட்டில் இது கண்ணில் படாது. சரி, ஒன்பது அங்குல வெளிச்சுவரையும் நாலரை அங்குலமாக வைத்தால் என்ன? தளத்தின் பாரத்தை அது தாங்காது. மேற்கு வெயிலும் நேராக உள்ளே இறங்கும். அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவே மட்டும் நாலரை வைத்தோம்.

ஒன்பது அங்குலம் தவிர்க்க முடியாது என்றால், அந்தத் தடிப்பு நமக்கு உழைக்க வேண்டும். அதற்காகவே 'எலிப்பொறிக் கட்டு' (rat-trap bond) என்ற முறையைத் தேர்ந்தெடுத்தேன். செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கும் முறை இது. செங்கலில் ஏறக்குறையக் கால் பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெக்கையைத் தடுக்கிறது. கேரளத்தில் இதைப் பரவலாக்கியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர்.

எங்கள் மேஸ்திரி இந்தக் கட்டில் அதுவரை வேலை செய்ததில்லை. "நடுவில் காலியாக இருந்தால் பாரம் தாங்குமா டீச்சர்?" என்றார். நியாயமான கேள்வி. மனையின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டிப் பார்த்தோம். அதற்குப் பிறகு எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நாட்டுச் செங்கல் ஒன்றுபோல் இருக்காது, இதற்கு ஒரே அளவில் வரும் சேம்பர் செங்கல்தான் சரி என்றார். மூலைகளையும் நிலை, ஜன்னல் ஓரங்களையும் வெற்றிடம் விடாமல் கெட்டியாகக் கட்டினார். மின்சாரக் குழாய்களை அந்த வெற்றிடத்துக்குள்ளேயே இறக்கிவிட்டார். பூசாத செங்கல் சுவரை வெட்டும் வேலை இல்லாமல் போயிற்று. அறை அளவுகளில் மட்டும் மனையடி சாஸ்திரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கூடத்தின் அகலம் 12 அடி வேண்டும் என்றேன். 11தான் என்று நின்றார். எனக்குச் சாஸ்திரத்தில் பிடிப்பு இல்லை. ஆனாலும் அவர் சுவர் அது. மனம் ஒப்பிக் கட்டட்டும் என்று சம்மதித்தேன்.

கதவுக்கு வருகிறேன். இரண்டரை அடிக் கதவு ஒன்று திறந்து மூட ஐந்து சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் ஒரு குடம்கூட வைக்க முடியாது. குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறந்து கூடத்துச் சுவரோடு சாயும்படி வைத்தோம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு: உள்ளே யாராவது வழுக்கி விழுந்துவிட்டால், கதவு அவர்கள் மேல் இடித்து நிற்காது, வெளியிலிருந்து திறக்கலாம். மாடிப்படியையும் உள்ளே விடவில்லை. பத்தரை அடி உயரம் ஏற ஏழு அங்குலப் படிகள் 18 வேண்டும். மூன்று அடி அகலத்தில் அது நாற்பது சதுர அடியைத் தின்றுவிடும். வெளியே இரும்புப் படி போட்டுக்கொண்டோம்.

திருவனந்தபுரம் தம்பானூரில் பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸுக்குப் போனால் சிறு வீட்டுக்காரர்கள் நின்று பார்க்க வேண்டியது அதன் மேசைகளை. சுழன்று ஏறும் சரிவுப் பாதையில் மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டவை. இழுத்துப் போட நாற்காலி இல்லாததால் இடம் வீணாவதில்லை. அதைப் பார்த்துத்தான் கூடத்தின் ஒரு பக்கச் சுவரோடு படுக்கை மேடையைக் கட்டினேன். அடியில் அரிசிப் பானையும் தலையணைகளும் இருக்கின்றன. அடுப்படி அலமாரியை வடிவமைத்தது அம்மா. பழைய வாடகை வீட்டுத் தரையில் பாத்திரங்களை எல்லாம் பரப்பி, குடத்துக்கு இவ்வளவு, இட்லிக் கொப்பரைக்கு இவ்வளவு என்று சாண் கணக்கில் அளந்து சொன்னார். கடப்பாக்கல் தட்டுகளின் இடைவெளி அந்தக் கணக்குப்படியே அமைந்தது. எந்தப் பொறியாளரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்.

திண்ணையைக் கிழக்கே வைத்தோம், பிற்பகலில் நிழல் விழுவதற்காக. பூக்கட்டுவது, கீரை ஆய்வது, வந்தவர்களோடு பேசுவது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. 11 அடிக் கூடம் நெருக்கமாகத் தோன்றாததற்குப் பெரிய காரணம் இதுவே.

சிறு வீடு என்றால் செலவும் அதே விகிதத்தில் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு, தலைவாசல் நிலை ஆகியவற்றின் செலவு வீட்டின் அளவோடு சுருங்குவதில்லை. அதனால் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் சிறு வீட்டுக்குத் தொகை கூடுதலாகவே வரும். ஒப்பந்தக்காரரிடம் சதுர அடி விலை பேசாமல் பொருள் தனி, கூலி தனி என்று எழுதி வாங்குங்கள். கடைக்கால் கருங்கல்லிலும், தளக் கம்பியிலும், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்டுவதிலும் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க வேண்டாம். வெளிப்பூச்சை விட்டுவிடலாம், எங்கள் செங்கல் சுவர் பூச்சில்லாமலே இந்த மழையைத் தாங்கியிருக்கிறது.