இந்த வருடம் காவடி இல்லை

12 ஜனவரி 2025, ஞாயிறு

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் விடியற்காலை மழை. எட்டு மணி நேரம் தூங்கினேன், நோட்டில் குறித்தாயிற்று. இருமுனை மனநோய்க்கு (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்) மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்து பத்து மாதமாகிறது, இன்னும் அம்மா காலையில் முதலில் கேட்பது "தூங்குனியாய்யா?" என்றுதான், அப்புறம்தான் "பசியாறிட்டியா?" முன்பு எரிச்சலாக இருக்கும். இப்போது இல்லை. போன தைப்பூசத்தில் எனக்கு எல்லாமே தூக்கம் போனதில்தான் தொடங்கியது: உறுமி மேளப் பயிற்சி, இரவு ஒரு மணி, இரண்டு மணி, பிறகு தூக்கமே வேண்டாம் என்கிற மாதிரி ஒரு தெம்பு. நான்கு இரவு. முருகன் என்னோடு பேசுகிறான் என்றேன், வீட்டில் அருள் என்று நினைத்தார்கள், காலில் விழுந்தவர்கள்கூட உண்டு. சேமிப்பையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்து நின்றபோதுதான் இது அருளில்லை, நோய் என்று மாமாவுக்குச் சந்தேகம் வந்தது.

23 ஜனவரி, வியாழன்

ஈப்போவில் கிளினிக். ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். இரவு ஒன்பதுக்கு லித்தியம் (மனநிலையைச் சீராக வைக்கும் மாத்திரை) போட்டால் 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும், அதனால் சரியாக ஒன்பதுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ரத்தத்தில் லித்தியம் 0.7 வந்தது, நல்ல அளவு. சிறுநீரகம், தைராய்டு இரண்டும் பரவாயில்லை.

தைப்பூச விரதத்தைப் பற்றிக் கேட்டேன். அசைவத்தை விடுங்கள், உப்பை விடாதீர்கள் என்றார் டாக்டர். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளுமாம். வெயிலில் வேர்த்து ஊற்றித் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் இதேதான், கை நடுக்கம் கூடி, வாந்தி, பேதி, தள்ளாட்டம் என்று போய்விடும். நான் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுகிறவன், பத்து மாதமாக இதை யாருமே எனக்குச் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது இந்த மருந்து சாப்பிட்டால், தயவுசெய்து தண்ணீர் போத்தலை மறக்காதீர்கள்.

5 பிப்ரவரி, புதன்

கடையில் ஒருத்தர் "இன்னொரு தடவ தஞ்சோங் ரம்புத்தானா?" என்று சிரித்தார். 1911-லிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது, எத்தனை பேர் குணமாகி வேலைக்குத் திரும்பியிருப்பார்கள், நமக்கோ ஊர்ப் பெயரே வசையாகிவிட்டது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூக்கம். மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

11 பிப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

இரண்டு நாளாகத் தூக்கம் சரியாகிவிட்டது. ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு அம்மா பால்குடம் எடுத்தார், நான் கூடவே நடந்தேன். வழியில் "அப்ப போன வருசம் முருகன் வரலியாய்யா?" என்று கேட்டார். தெரியலம்மா என்றேன், வேறென்ன சொல்வது.

உறுமி தொடங்கியதும் என் கால் தானாகத் தாளம் போட்டது. பயந்துபோனேன். ஓரமாக நின்று யோசித்துப் பார்த்தேன்: நேற்று நன்றாகத் தூங்கினேன், மனம் ஓடவில்லை, பேச்சு வேகமாக இல்லை. எனக்கு உறுமி பிடிக்கும், சிறு வயதிலிருந்தே பிடிக்கும். அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்டேன்.

இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டோம். காரில் அம்மா தூங்கிவிட்டார்.