ஒரு தடவைதானே

"ஒரு தடவைதானே வந்திருக்கு?" என்று கேட்டேன். நான் சொன்னது அவ்வளவுதான். அது கேள்வி இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஒரு முறை பார்த்தோம் என்றால் பல முறை நடந்திருக்கும், அண்ணா" என்றாள்.

என்னோடு வேலை பார்த்தவள், மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் பிறந்து வளர்ந்த பெண். வீட்டில் க்ரியோல் மொழிதான். தமிழைப் பள்ளிக்கூடத்திலும் கோயில் மாலை வகுப்பிலும் படித்தவள். நான் விருதுநகர்ப் பேச்சில் இழுத்து ஏதாவது கேட்டால், அவள் பாடப்புத்தகம் மாதிரி முழு வாக்கியத்தில் பதில் சொல்வாள். மற்ற நாட்களில் அதைக் கேட்க ஆசையாக இருக்கும். டெலிவரிக்கு எட்டு நாள் இருக்கும்போது எரிச்சலாக இருந்தது.

லாக்கில் வந்தது கேஃபென்ஸ் ரிப்போர்ட். லினக்ஸின் உள்மையமான கெர்னலில் மெமரிப் பிழை நடந்தால் பிடித்துச் சொல்லும் கருவி அது. மோடத்தை இயக்கும் நிரலான மோடம் டிரைவர், விடுவித்துவிட்ட மெமரியைத் திரும்பப் போய்ப் படித்திருக்கிறது. யார் வாங்கினார்கள், யார் விடுவித்தார்கள், அப்புறம் யார் தொட்டார்கள் என்று மூன்று ஸ்டாக் டிரேஸும், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற தடங்களும், வரிசையாக இருந்தன. இரண்டு வாரம் ஓடிய, வெப்பநிலை பதியும் நாலு பெட்டிகளில் ஒன்றில், ஒரே ஒரு தடவை.

கேஃபென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் நான் அப்படிக் கேட்கவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது. 2021இல் 5.12 கெர்னலில் வந்ததிலிருந்து அதைப் பற்றி மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னவன் நான்தான். அது எல்லா மெமரியையும் காவல் காப்பதில்லை. நாம் எதையும் மாற்றாவிட்டால் 100 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, அடுத்து மெமரி கேட்டு வரும் ஒருவருக்கு மட்டும் தனிப் பக்கத்தில் இடம் கொடுக்கும். அந்தப் பக்கத்தின் இரண்டு ஓரத்திலும் காவல் பக்கங்கள். விடுவித்த பிறகு பக்கத்தையே பூட்டிவிடும், யாராவது தொட்டால் கெர்னல் அங்கேயே பிடித்துக்கொள்ளும். மொத்தம் 255 இடம், 2 எம்பி செலவு. அவ்வளவு சின்ன வலை. நொடிக்கு ஆயிரக்கணக்கில் மெமரி வாங்கி விடுவிக்கும் கெர்னலில் அது காவல் காப்பது அதிகம் போனால் பத்து. அதில் ஒரு மீன் விழுந்திருக்கிறது என்றால் கடலில் எத்தனை இருக்கும்? அவள் சொன்னது இதைத்தான், ஒரே வாக்கியத்தில்.

நானும் சும்மா ஒதுக்கிவிடவில்லை. "சரி, கேசான் போட்டுப் பார்த்துருவோம்" என்றேன். சந்தேகம் வந்தால் பெரிய ஆயுதத்தை எடுப்பதுதானே முறை. கேசானும் மெமரிப் பிழை பிடிக்கும் கருவிதான், 2015இலிருந்தே, 4.0 கெர்னலிலிருந்தே இருக்கிறது. எட்டு பைட்டுக்கு ஒரு பைட் நிழல் மெமரி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எழுதும்போதும் நிழலைப் பார்க்கும். நிழலில் சைபர் இருந்தால் எட்டு பைட்டும் தொடலாம். ஒன்று முதல் ஏழு வரை இருந்தால் முதல் அத்தனை பைட் மட்டும். விடுவித்த மெமரிக்குத் தனி எண். எங்கள் பெட்டியில் இருப்பதே 256 எம்பி, நிழலுக்கு மட்டும் 32 எம்பி போய்விடும். அதனால் லேப்பில் இருந்த 1 ஜிபி போர்டில் பில்டு போட்டேன். கான்ஃபிக் நானே எழுதினேன், கெர்னல் கிளம்பும்போது அதற்குக் கொடுக்கும் பூட் வரியும் நானே எழுதினேன். அவளைத் தொடவிடவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். என் கையால் முடித்தால் பேச்சு முடிந்துவிடும் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம்.

ஒன்றரை நாள் ஓடியது. பூட் ஆகும்போது எல்இடி டிரைவர் தன் டேபிளின் முடிவைத் தாண்டி ஒரு பைட் படிக்கும், அதற்கு ஒரு ரிப்போர்ட் வரும். அது எப்போதும் வருவது, எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் சரி செய்யாதது. லாக்கில் அந்த ரிப்போர்ட்டைக் கழித்துப் பார்த்தேன். அதற்கப்புறம் ஒரு வரி இல்லை.

அவளைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினேன். "பாரு, கேசானே ஒண்ணும் சொல்லலை."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம், "கொரெக்" என்றாள்.

இந்தத் தீவில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சரி, நன்றாக இருக்கிறேன், ஆகட்டும், விடு, உன் இஷ்டம், எல்லாமே கொரெக்தான். டோல் பூரி கடையில் சில்லறை வாங்கும்போதும் கொரெக். என்னிடம் தமிழிலேயே பேசுகிறவள், அன்றைக்கு மட்டும் க்ரியோலுக்குப் போனாள். எந்தக் கொரெக் என்று நான் கேட்கவில்லை.

ரிலீஸ் பில்டில் கேஃபென்ஸ் இடைவெளியைச் சைபர் ஆக்கினேன். சைபர் என்றால் அது வேலையே செய்யாது. இதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்த ரிப்போர்ட் 'பக்', அதாவது பிழை, என்ற சொல்லோடுதான் ஆரம்பிக்கும். கிளையண்ட் பக்கத்து ஆட்கள் லாக்கில் அந்தச் சொல்லைத் தேடுவார்கள், ஒன்று கிடைத்தால் மூன்று மீட்டிங். எட்டு நாளில் மூன்று மீட்டிங் தாங்காது. இன்றைக்கும் அந்தக் காரணம் எனக்கு முழுத் தப்பாகத் தெரியவில்லை. பாதி தப்பு. ரிப்போர்ட் வந்தாலும் கேஃபென்ஸ் கெர்னலை நிறுத்தாது, பெட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இரண்டு எம்பியும் என் நிம்மதியும்.

மீன் குளிர்பதனக் கிடங்குகளில் வெப்பநிலை பதியும் பெட்டிகள் அவை. பிப்ரவரியில் புயல் வந்தது, மூன்றாம் எண் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். யாரும் வெளியே போக முடியாது. ஒரு கிடங்கில் எங்கள் பெட்டி இரவு முழுக்க எதையும் பதியவில்லை. எச்சரிக்கை நீங்கி ஆள் போய்ப் பார்த்தபோது உறைந்து நின்றிருந்தது. பவரை எடுத்துப் போட்டதும் எழுந்துகொண்டது, எந்தத் தடயமும் மிஞ்சவில்லை. பதிவு இல்லாத சரக்கை ஏற்றுமதிக்கு அனுப்ப முடியாது. எத்தனை கிலோ என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த இரவு மின்சாரம் பல தடவை போய்ப் போய் வந்தது. மோடமே கெட்டிருக்கலாம். பெட்டி உறைந்தால் தானே மறுபடி கிளப்ப வேண்டிய வாட்ச்டாக் ஏன் அதை எழுப்பவில்லை என்பது தனிக் கதை, அது என் பகுதி இல்லை. அறிக்கையில் 'மின்சாரக் கோளாறாக இருக்கலாம்' என்று எழுதினோம். அந்த 'இருக்கலாம்' என்னுடையது. பொய் இல்லை அது.

ஐந்து மாதம் கழித்துப் புதிய கெர்னலுக்கு மாறினோம். சும்மா இருந்த ஒரு மத்தியானம் அந்த எல்இடி டேபிளைச் சரி செய்தேன். ஒரு வரி வேலை. பழைய பூட் வரியை அப்படியே வைத்துக் கேசான் பில்டைப் போட்டேன். பதினோராவது நிமிடம் மோடம் டிரைவரில் ரிப்போர்ட். விடுவித்த மெமரியைப் படிக்கிறது.

முதலில் சந்தோஷப்பட்டேன், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். எல்இடி டிரைவரைத் தொட்டதற்கும் மோடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தபோதுதான் வயிற்றில் ஏதோ நழுவியது. கேசான், நாம் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், முதல் பிழையை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமென்றால் பூட் வரியில் 'கேசான் மல்டி ஷாட்' என்று சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. அன்றைக்கு எல்இடியின் ஒரு பைட்டைச் சொன்னதோடு கேசானின் வேலை முடிந்துவிட்டது, பூட் ஆகி இரண்டாவது நொடியிலேயே. மீதி ஒன்றரை நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஊமையை. அந்த ஊமையைத்தான் அவளிடம் சாட்சியாகக் காட்டினேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. புதிய கெர்னலோடு டிரைவரும் புதிய பதிப்பு. கேசான் பிடித்த இடமும் அவள் ரிப்போர்ட்டில் இருந்த இடமும் ஒன்றில்லை, பக்கத்துப் பக்கத்து ஃபங்ஷன்கள். அது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு திரெட் ஒன்றையொன்று முந்திக்கொள்ளும் வகைப் பிழை. கேசான் போட்டால் கெர்னல் மெதுவாகும், நேரக் கணக்கு மாறும், மல்டி ஷாட் போட்டிருந்தாலும் அன்று சிக்காமலே போயிருக்கலாம். பழைய பில்டை எடுத்துப் போட்டுப் பார்த்தால் இதற்கு ஓரளவு பதில் கிடைக்கும். போர்டு என் மேஜையில்தான் இருக்கிறது. போடவில்லை.

அதற்குள் அவள் எங்கள் ஆபீஸ் இருக்கும் எபெனிலேயே வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். என்னால் இல்லை, அங்கே சம்பளம் அதிகம். அப்படித்தான் சொன்னார்கள். போன மாதம் ரோஸ்ஹில் மெட்ரோ நிலையத்தில் பார்த்தேன். காவடிக்கு விரதம், பத்து நாள் என்றாள். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டு, "அந்த மோடம் பிழை கிடைத்ததா, அண்ணா?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். வண்டி வர நாலு நிமிடம் இருந்தது, நாலு நிமிடம் போதும். பூட் வரியில் ஒரு சொல் விட்டுப்போச்சு, நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல அரை நிமிடம் கூட ஆகாது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாதே என்று உள்ளே ஒரு குரல் வாதாடிக்கொண்டிருந்தது.

"டிரைவரையே மாத்திட்டோம்மா" என்றேன்.

"கொரெக்" என்று சிரித்தாள். வண்டி வந்துவிட்டது.