அறை வெப்பநிலை

பிசிஎல்-2 என்ற புரதத்தை நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கும் எலைசா சோதனைக் கிற்றோடு வரும் செய்முறைத் தாளில் 'அறை வெப்பநிலை' என்று போட்டிருக்கும். அதாவது 18 முதல் 25 பாகை. கொழும்பில் ஏசி நின்றுபோன அறை அப்படி இருக்காது. 2022 மார்ச் கடைசியில், ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன கிழமையில், இது எனக்கு நன்றாக உறைத்தது.

பிசிஎல்-2 கலத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கும் புரதம். ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் 14ஆம் 18ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாறிக்கிடந்ததை ஆராயப் போய்த்தான் 1980களில் இதன் மரபணு கிடைத்தது. இது கலங்களைப் பெருக்குவதில்லை, சாகவேண்டிய நேரத்தில் சாகவிடாமல் தடுக்கிறது என்று 1988இல் தெரியவந்தது. படித்த நாளிலிருந்து எனக்கு இந்தப் புரதத்தின்மேல் தனிப் பிரியம்.

கலத்துக்குள் இருக்கும் இழைமணியின் வெளிமென்சவ்வில் ஒட்டியிருப்பதால் இதைச் சும்மா அளக்க முடியாது. இரத்தத்திலிருந்து வெண்கலங்களைப் பிரித்து, பனிக்கட்டியில் வைத்தே உடைத்து, தெளிந்த திரவத்தை எடுக்க வேண்டும். ஒரு பிளேற்றில் 96 குழி. அளவு தெரிந்த நியமக் கரைசல்களுக்கு 16 போனால், 40 மாதிரிகளை இரண்டிரண்டாகப் போடலாம்.

அன்று காலை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. புரதத்தில் ஒட்டும் இரண்டாவது பிறபொருளெதிரியைப் போட்டு மூடிவைத்த நேரம் கரண்ட் போனது. ஜெனரேற்றர் குளிர்ப்பெட்டிகளுக்கு மட்டும்தான். அறை மெல்லமெல்லச் சூடேறியது. நான் நிறுத்தவில்லை. கழுவி, நொதியம் சேர்த்து, திரும்பவும் கழுவி, கடைசியாக நிறம் தரும் டிஎம்பி கரைசலை விட்டேன்.

நீலம் வழமையாக மெதுவாக ஏறும், பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அன்று ஆறாவது நிமிடத்திலேயே செறிவு கூடிய நியமம் மைபோலக் கறுத்துவிட்டது. பதறிப்போய், நிறமேறுவதை நிறுத்தும் அமிலத்தை விட்டேன். நீலம் மஞ்சளானது. கரண்ட் வரும்வரை காத்திருக்க ஏலாது, நிறம் நிற்காது. நிறத்தை அளக்கும் ரீடரை ஜெனரேற்றர் லைனில் செருகி 450 நனோமீற்றரில் வாசித்தோம். வெவ்வேறாக இருக்கவேண்டிய உச்ச நியமங்கள் மூன்றும் ஏறத்தாழ ஒரே எண். யன்னல் பக்கத்து ஓரக் குழிகள் நடுவில் இருந்தவற்றைவிடக் கூட. ஒரே மாதிரியின் இரண்டு குழிகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

"இதை விடும் தங்கச்சி. வளைகோட்டை எப்படிப் போட்டாலும் இது சரிவராது," என்றார் எங்கள் மூத்த அக்கா. அவர் சொன்னது சரி. பெட்டியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சடித்திருந்தாலும், ஒவ்வொரு குழாயும் யாரோ ஒரு நோயாளி கை நீட்டித் தந்த இரத்தம். அதற்குப் பொய் எண் எழுத எனக்கும் மனம் வரவில்லை.

அப்புறம் ஒரு சின்ன வெப்பமானி வாங்கினோம். இப்போதும் பிளேற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துத் தாளில் எழுதுகிறோம், 26 தாண்டினால் தொடங்குவதில்லை. நியமங்களை ஓரத்தில் போடுவதையும் விட்டுவிட்டோம்.

மைனஸ் 80 பாகைப் பெட்டியில் மீதி வைத்திருந்த மாதிரிகளை அடுத்த கிற் வந்ததும் திரும்பச் செய்தோம். 37 பேருடையது நன்றாக வந்தது. மற்ற மூன்று பேருடைய இரத்தத்தில் கலங்கள் குறைவாக இருந்தபடியால் முதல் தடவையே முழுவதையும் பாவித்துவிட்டேன். அட்டவணையில் அந்த மூன்று கட்டங்களும் வெறுமையாகவே இருக்கின்றன.