எஃப்எஸ்கே படிக்க எங்கே தொடங்கலாம்?

எஃப்எஸ்கே என்பது அதிர்வெண்ணை மாற்றி மாற்றித் தகவலை அனுப்பும் முறை. ஹாம் ரேடியோ தேர்வுக்குப் படிக்கிற பலர் டிஜிட்டல் மோடு வந்ததும் எண்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஆர்டிடிஒய் (ரேடியோ டெலிடைப்) என்றால் 170 ஹெர்ட்ஸ் ஷிஃப்ட் (இரு டோன்களின் இடைவெளி), 45.45 பாட் (விநாடிக்கு இத்தனை சிம்பல்) வேகம்; எஃப்டி8 என்ற கணினி வழி மோடு என்றால் 8 டோன், இப்படி. சிம்பலின், அதாவது ஒரு டோன் ஒலிக்கும் துண்டின், நேரத்தைப் பிடித்துக்கொண்டு படித்த பிறகுதான் எனக்கு இந்தப் பாடம் வசப்பட்டது.

எஃப்டி8-இல் ஒரு சிம்பல் 0.16 விநாடி. 1-ஐ 0.16-ஆல் வகுத்தால் 6.25. டோன்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் அதே 6.25 ஹெர்ட்ஸ்தான். இந்த இடைவெளி இருந்தால், ரிசீவர் ஒரு டோனை அளக்கும்போது மற்ற டோன்களின் பங்கு அந்த 0.16 விநாடிக்குள் கூடிக் கழிந்து பூஜ்ஜியமாகிவிடும். எட்டு டோனுக்கு 50 ஹெர்ட்ஸ். 79 சிம்பலுக்கு 12.64 விநாடி, 15 விநாடிச் சுற்றில் அடங்கிவிடுகிறது. எதையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அப்புறம் பல்ஸ் ஷேப்பிங், அதாவது ஒரு சிம்பலிலிருந்து அடுத்ததற்கு மாறுவதை மென்மையாக்குவது. இதற்கு நேரம் ஒதுக்கிப் படியுங்கள். டோன் மாறும்போது ஃபேஸ் (அலை தன் சுற்றில் இருக்கும் நிலை) உடைந்தால் இருபக்கமும் சிதறல் பரவும். ஃபேஸைத் தொடர்ச்சியாக வைத்தால் அது பெரிதும் குறையும். ஆனாலும் அதிர்வெண் படிக்கட்டு மாதிரி தாவுவதால் ஓரங்களில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தப் படிகளை காஸியன் ஃபில்டரால் வழுவழுப்பாக்குவதுதான் ஜிஎஃப்எஸ்கே. 2017-இல் வந்த எஃப்டி8 முதலில் சாதாரண எஃப்எஸ்கே. 2019-இல் ஜிஎஃப்எஸ்கே ஆனது. பழைய மென்பொருளும் அதைப் படிக்க முடிந்தது.

பிடி (காஸியன் ஃபில்டரின் அகலத்தைச் சிம்பல் நேரத்தால் பெருக்கியது) என்ற அளவு குறையக் குறைய சிக்னல் ஒடுங்கும், ஆனால் பக்கத்துச் சிம்பல்கள் ஒன்றோடொன்று கலக்கும். எஃப்டி8-க்கு அது 2, அதைவிட வேகமான எஃப்டி4-க்கு 1, ஜிஎஸ்எம் செல்போனுக்கு 0.3. இந்த மூன்றையும் காகிதத்தில் வரைந்து பாருங்கள், நன்றாகப் புரியும்.

பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ஜிஎஃப்எஸ்கே-யில் வடிவம் கொடுப்பது அதிர்வெண்ணுக்கு, வீச்சு மாறாது. ஃபேஸைத் திருப்பித் தகவல் அனுப்பும் பிஎஸ்கே31-இல் வீச்சுக்கே வடிவம் கொடுக்கிறோம். ஃபேஸ் திரும்பும் இடத்தில் அது பூஜ்ஜியம் வரை இறங்கும். அதனால் அதற்கு வீச்சைச் சிதைக்காமல் பெருக்கும் லீனியர் ஆம்ப்ளிஃபையர் கட்டாயம் வேண்டும். வீச்சு மாறாது என்பதற்காக எஃப்டி8-இல் ஆடியோவை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) வழியாக அனுப்பும்போது 800 ஹெர்ட்ஸ் டோன் ஓவர்டிரைவ் ஆனால் 1600-இலும் ஒரு போலி சிக்னல் (ஹார்மோனிக்) வெளியே போகும். டோனை 1500-க்கு மேல் வைத்தால் அந்த ஹார்மோனிக் 3000-க்கு மேல் போய்விடும். எஸ்எஸ்பி ஃபில்டர் அதைப் பெரும்பாலும் வெட்டிவிடும்.