கயலுக்குப் பெயர் சூட்டும் நாள்: உப்புவெளிக் குறிப்புகள்

2024 மே 30, வியாழன்

பிள்ளை பிறந்து இன்று 19ஆவது நாள். அம்மா நிலாவெளியில் இருந்து, திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் நட்சத்திர எழுத்தைச் சொல்லி, துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாளுக்கு ஐயரிடம் பேசட்டுமா என்று கேட்டார். பின்னேரம் பாலையூற்றில் இருந்து மாமி வந்தார். ஞானஸ்நானம் எப்போது என்பது அவர் கேள்வி. இரண்டு பேரும் அன்போடுதான் கேட்கிறார்கள்.

இவரும் நானும் கோயிலிலும் கட்டவில்லை, தேவாலயத்திலும் கட்டவில்லை. பதிவுத் திருமணம்தான். நாங்கள் நம்பாத ஒன்றைப் பிள்ளையின் பேரில் சொல்லக்கூடாது என்று அப்போதே பேசி வைத்திருந்தோம். அதற்காக ஒன்றும் செய்யாமல் விடவும் மனம் இல்லை. ஊரைக் கூட்டி, 'இவள் எங்கள் பிள்ளை, இதுதான் இவள் பெயர்' என்று சொல்ல வேண்டும்.

ஜூன் 5

பெரியப்பா இளைப்பாறிய தமிழாசிரியர். நடத்தித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். ஐயரோ ஃபாதரோ இல்லாமல் சபை எப்படி நிறையும் என்று அம்மா கவலைப்பட, பெரியப்பா சுயமரியாதைத் திருமணத்தைப் பற்றிச் சொன்னார். சடங்கு இல்லாத அந்தத் திருமணங்களை ஊர் முதலில் ஏற்கவில்லை. 1967இல் முதலமைச்சர் அண்ணாதுரையின் ஆட்சியில்தான் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் வந்தது. பிரான்சில் இன்றைக்கும் நகரசபையில் மதம் சாராமல் பெற்றோருக்குத் துணையாகப் பிள்ளைக்கு இருவரை நியமிக்கும் வழக்கம் இருக்கிறதாம். புரட்சிக் காலத்தில் தொடங்கியது, சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை, சொன்ன சொல்தான் பிணை.

அந்தத் துணை எனக்குப் பிடித்துவிட்டது. என் அண்ணாவையும் மச்சாளையும் கேட்டோம். மச்சாள் அழுதுவிட்டார்.

பழையதில் எதை வைத்துக்கொள்வது என்றுதான் அதிகம் யோசித்தோம். தாய்மாமன் வலது காதில் மூன்று முறை பெயர் சொல்வதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அது இருக்கட்டும். ஏணை இருக்கட்டும், அம்மம்மாவின் பழைய நூல் சேலையில். தாலாட்டும் இருக்கட்டும்.

ஜூன் 11

முப்பத்தொன்று. அம்மா ஒன்றும் சொல்லாமல் வீட்டைக் கழுவினார். நானும் கூட நின்று கழுவினேன்.

ஜூன் 18

பிறப்பைப் பதிய 42 நாள் தவணை. இன்று பதிந்தாயிற்று. இரண்டு கிழமையாகப் பெயரைப் பற்றித்தான் பேச்சு. ழகரம் உள்ள பெயர்கள் எனக்கு உயிர். ஆனால் இவர் சொன்னது சரி: "எங்கட ஊரில தமிழ், முஸ்லிம், சிங்களம் எண்டு மூன்று சனமும் கூப்பிடவேணும். சந்தையில ஒரு சிங்கள அம்மா கூப்பிட்டாலும் பிள்ளை திரும்பிப் பார்க்கவேணும். நீர் யோசிச்சுப் பாரும்." கயல் என்று முடிவாயிற்று. இவருடைய அப்பப்பா கடலுக்குப் போனவர். மாமிக்கு அது போதும்.

ஜூன் 26

எங்கே வைப்பது என்பது இன்று முடிந்தது. முதலில் டச்சுக் குடாக் கடற்கரையை நினைத்தோம். ஆனால் ஆடி நெருங்க நெருங்கக் கச்சான் காற்று நிலத்தில் இருந்து அடுப்பைப் போல வீசும். ஆறு கிழமை தாண்டிய பிள்ளைக்கு அது ஆகாது. வீட்டு வேம்பின் கீழ், காலை 7 மணிக்குத் தொடங்கிக் காற்று எழும்ப முன் முடிப்பது. 40 கதிரை வாடகைக்குச் சொல்லியாயிற்று.

கன்னியா வெந்நீர் கொண்டுவரலாமா என்று நான்தான் கேட்டேன். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, எங்கள் ஊரின் அதிசயம். அம்மா துள்ளி எழும்பிவிட்டார். "அந்தியேட்டி செய்யிற இடத்துத் தண்ணியையோ பிள்ளைக்கு?" செத்தவர்களுக்குக் கிரியை செய்கிற இடம் அது என்பது அம்மா சொன்னதும்தான் உறைத்தது. அப்புறம் அவரே வழி சொன்னார்: வருகிறவர்கள் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவரட்டும், ஒரு தென்னம்பிள்ளைக்கு ஆளுக்கொரு சிரட்டை வார்க்கட்டும். இந்த வெயிலில் நிலத்தில் நட்டால் தாங்காது, மாரி வரும்வரை பையிலேயே இருக்கட்டும் என்றார் அப்பா.

ஜூலை 7, ஞாயிறு

நடந்தது.

அண்ணா ஏணைக்குள் குனிந்து மூன்று முறை "கயல்" என்றார். மூன்றாம் முறை குரல் உடைந்துவிட்டது. நானும் இவரும் எழுதி வைத்ததை வாசித்தோம்: அடிக்க மாட்டோம், கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்வோம், எதை நம்புவது என்று அவளே வளர்ந்து முடிவு செய்யட்டும். மச்சாள் தன் பங்காக, பெற்றோரிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல்லலாம் என்றார். அதை நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ராத்தா வட்டிலப்பம் செய்து, தண்ணீரும் ஒரு போத்தலில் கொண்டுவந்தார். மாமி சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். செபிக்கிறார் என்று தெரிந்தது. எல்லாரும் காத்திருந்தோம். பிறகு வார்த்தார். அம்மா தாலாட்டு முழுவதையும் பாடினார், ஒரு வரி விடாமல்.

ஒக்டோபர் 27

மழை பிடித்துவிட்டது. அப்பா மூன்றடிக் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டை பரப்பி வைத்திருந்தார். நட்டு மண்ணை மிதிக்கும்போது மாமி பாலையூற்றுக் கிணற்றுத் தண்ணீரோடு வந்து சேர்ந்தார். மழைதானே பெய்கிறது, எதற்கு மாமி என்றேன்.

"அது மழைத்தண்ணி, பிள்ளை" என்று சொல்லிவிட்டு வார்த்தார். பிறகு கயலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.